கெப்புக்குப் புதுப் பற்றரி வாங்குமுன் ஒரு மல்ரிமீற்றர் வாங்குங்கள்

போன மார்கழி, விடியச் சாமம் மூன்றரை மணி, திருகோணமலைப் பக்கம் இறக்கக்கண்டி, நல்ல மழை. மீன் பெட்டிகளை ஏற்றி முடித்துவிட்டு ஏறி உட்கார்ந்து திறப்பைத் திருப்பினால் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். டாஷ்போட்டில் இருந்த சிவப்பு லைற்றுகளும் மங்கிக்கொண்டே போய் அணைந்துவிட்டன. பின்னால் ஒன்பது பெட்டி மீன். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, ஐந்து மணிக்குள் டவுன் சந்தைக்குப் போகாவிட்டால் சொன்ன விலை கிடைக்காது. மீன் வாடியில் நின்ற நாலு பேரும் மச்சானும் சேறு தெறிக்கத் தள்ளி, இரண்டாம் கியரில் போட்டு ஒருமாதிரி எஞ்சினை எழுப்பினோம். நிலாவெளி தாண்டும்வரை மச்சான் வாயே திறக்கவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அத்தான், இந்தப் பற்றரி எப்ப வாங்கினது?"

ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அதற்கு முன்னால் இருந்ததும் இதே மாதிரித்தான் ஒரு மழைக்காலத்தில் படுத்தது, கடையில் "செல் போயிற்று" என்றார்கள், நானும் நம்பிப் பழையதைக் கொடுத்துக் கழித்துக்கொண்டு புதியது வாங்கினேன். இப்போது யோசித்தால் அந்தப் பழையதிலும் பிழை இருந்திருக்காது என்றுதான் தோன்றுகிறது.

எங்கள் வண்டி பழைய டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப், 3எல் என்ற 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்த மாதிரிக் கிழடுகளுக்கு வந்த மவுசு உங்களுக்குத் தெரியும், 2025இல் திரும்ப விடும்வரை விற்கவும் மனம் வரவில்லை, மாற்றவும் வழியில்லை, இருப்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. கம்ப்யூட்டர் ஒன்றும் இல்லாத வண்டி என்பதால் மின்சாரக் கோளாறு வந்தால் நாமே தேடிக் கண்டுபிடிக்கலாம். அதில் எனக்கு ஒரு வீம்பும் உண்டு. அந்த வீம்பு என்ன செய்தது என்று கடைசியில் வரும்.

அன்றைக்குப் பின்னேரமே ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். எஞ்சினை ஓடவிட்டுப் பற்றரியில் மீற்றரை (வோல்ற், அம்பியர் அளக்கிற மல்ரிமீற்றர்) பிடித்தார்கள். 14.1 வோல்ற். "சார்ஜ் நல்லா ஏறுது, பற்றரிதான் பிழை" என்று சொல்லிவிட்டார்கள். ஓடும் வண்டியில் பற்றரி முனைகளில் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வந்தால் சார்ஜ் ஏறுகிறது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அளந்ததிலும் பிழை இல்லை. ஆனால் அளந்தது பட்டப்பகலில், ஒரு லைற்றும் போடாமல். நான் வண்டி ஓடுவதோ விடியாத இருட்டில், ஹெட் லைற், வைப்பர், கண்ணாடிப் புகாருக்கு ஃபேன் எல்லாம் போட்டுக்கொண்டு.

இதை எனக்குப் பிடிபட வைத்தது கிண்ணியாவில் வயரிங் வேலை செய்கிற ஒரு நானா. பாலம் தாண்டி அவரிடம் போகும்போது இன்னொரு பற்றரி வாங்குவது என்று முடிவே எடுத்துவிட்டிருந்தேன், எந்தக் கடையில் வாங்கலாம் என்று கேட்கத்தான் போனேன். அவர் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, "லைற்றெல்லாம் போட்டு அளந்து பாத்தீங்களா தம்பி?" என்றார். இல்லை. "போட்டுப் பாருங்க. பாத்துட்டு வாங்க, வேணுமெண்டா பற்றரி வாங்கலாம்." வண்டியை அவர் தொடவே இல்லை, ஒரு சதமும் கேட்கவில்லை.

சரி, அளந்தேன். ஒரு நாளில் முடியவில்லை, மூன்று பின்னேரம் போயிற்று. என்ன ஒழுங்கில் அளந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஒழுங்கு பிழைத்தால் நல்ல சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு நோயை அப்படியே வைத்துக்கொண்டிருப்போம்.

முதலில் பற்றரியை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி, வண்டி ஓடாமல் சில மணித்தியாலம் நின்ற பிறகு, 12.6 அல்லது அதற்கு ஒரு புள்ளி மேல் காட்டும். உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1, கணக்குச் சரி. 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் அரைவாசி, 12 என்றால் கால்வாசிதான் மிச்சம். 12 காட்டுகிறதே, 12 வோல்ற் பற்றரிதானே, நல்லதுதானே என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் இருந்தேன். ஓடி வந்து நிறுத்தியவுடனே அளந்தால் மேலோட்டமான ஒரு பொய்க் கணக்குக் காட்டும், ஹெட் லைற்றை ஒரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு, கொஞ்சம் விட்டு அளந்தால் அது போய்விடும்.

என்னுடையது 11.9 காட்டியது. கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சின்னச் சார்ஜரில் இரவு முழுக்க மெதுவாக ஏற்றினேன் (கழற்றும்போது மைனஸை முதலில், பூட்டும்போது அதைக் கடைசியில், இல்லாவிட்டால் ஸ்பனர் வண்டியின் இரும்பு உடம்பில் பட்டு நெருப்புப் பறக்கும், சார்ஜ் ஏறும் பற்றரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் சிகரட்டும் வேண்டாம்). அடுத்த நாள் 12.65. ஹைட்ரோமீற்றரால் (அமிலத்தின் அடர்த்தியைக் காட்டும் குழாய்) ஒவ்வொரு செல்லாக உறிஞ்சிப் பார்த்தேன், ஆறும் 1.26க்குக் கிட்ட ஒரே மாதிரி நின்றன. ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட நன்றாக இறங்கி நின்றால்தான் "செல் போயிற்று" என்று சொல்லலாம். பிறகு வண்டியில் பூட்டி, மச்சானைச் செல்ஃப் (எஞ்சினை எழுப்பும் மோட்டர்) அடிக்கச் சொல்லி, அடிக்கும்போதே மீற்றரைப் பார்த்தேன். 10.4 வரை இறங்கி நின்றது. 9.6க்குக் கீழே விழுந்தால்தான் பயப்பட வேண்டும். ஆக, கராஜில் சாகவேண்டும் என்று தீர்ப்பு எழுதிய பற்றரி நல்ல சுகமாக இருந்தது, அதற்குச் சாப்பாடுதான் போகவில்லை.

இந்த இடத்தில் ஊரைப் பற்றியும் ஒரு வார்த்தை. வைகாசியிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் பொன்னெற்றுக்குள் இருக்கிற சூட்டைச் சொல்லத் தேவையில்லை. சூடு கூடக்கூடப் பற்றரிக்குள் தகடு அரிப்பது வேகமாகும், தண்ணீரும் வற்றும். வெப்பத்தில் கெட்ட பற்றரி பெரும்பாலும் அப்போதே நின்றுவிடாது, பிறகு மழைக்காலத்தில் லைற்றும் வைப்பரும் போடும்போதுதான் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் எல்லோரும் மழையைத் திட்டுகிறோம். மூடி திறக்கிற பற்றரி வைத்திருப்பவர்கள் கச்சான் காலத்தில் மாதம் ஒருமுறை காய்ச்சி வடித்த தண்ணீர் பார்த்து விடுங்கள், கிணற்றுத் தண்ணீர் விடவே வேண்டாம், எங்கள் பக்கத்துக் கிணறுகளில் உப்பு எவ்வளவு என்று தெரியும்தானே. முனைகளில் பூக்கிற வெள்ளை, பச்சைப் பொடியை அப்பச்சோடாக் கரைசல் ஊற்றிக் கழுவினால் நுரைத்துக்கொண்டு போய்விடும், காயவிட்டு, தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின்.

இரண்டாவது, ஒல்ரனேற்றர், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பற்றரியை ஏற்றுகிற சாமான். பழைய ஆட்கள் இதை இன்னும் டைனமோ என்றுதான் சொல்வார்கள். பெல்ட் இறுக்கம் சரி, ஈரத்தில் கத்தவும் இல்லை. திறப்பை ஓனில் வைத்தால் பற்றரிச் சிவப்பு லைற் எரிகிறது, எஞ்சின் எழும்பியதும் அணைகிறது. (ஓனில் வைத்தும் எரியவே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள். பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்ப் வழியாகத்தான் ஒல்ரனேற்றரை எழுப்புகிற மின்சாரமே போகிறது.) மீற்றரை ஏசி (மாறி மாறிப் பாயும் மின்சாரம்) பக்கம் திருப்பி, எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் வைத்தேன். உள்ளே ஏசியை டிசியாக்குகிற டயோட் போயிருந்தால் அரை வோல்ற்றுக்கு மேலே ஏசி கலந்து வரும். எனக்கு வந்தது 0.04. ஒல்ரனேற்றரும் சுகம். இந்த டீசல் எஞ்சின்களில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் ஒல்ரனேற்றரின் முதுகில்தான் இருக்கிறது, அதன் ஓயில் சீல் கசிந்து உள்ளே போனால் பிரஷ் எல்லாம் நனைந்து சார்ஜ் விட்டு விட்டு வரும், அதையும் பார்த்தேன், காய்ந்துதான் இருந்தது.

பிறகுதான் நானா சொன்ன வேலை. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட் லைற், வைப்பர், ஃபேன் எல்லாம் போட்டு, முதலில் ஒல்ரனேற்றரின் பிளஸ் போல்ற்றில் அளந்தேன், 14.3. பற்றரி முனைகளில், 13.4. எல்லாவற்றையும் அணைத்தால் பற்றரியிலும் 14.1. கராஜில் கண்டது இந்த 14.1ஐத்தான்! லைற் போட்டவுடனே இடையில் 0.9 வோல்ற் எங்கேயோ விழுகிறது.

எங்கே என்று பிடிக்க ஒரு முறை இருக்கிறது, வயரிங்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், நமக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. மீற்றரின் ஒரு முனையை ஒல்ரனேற்றர் பிளஸ்ஸிலும் மற்றதைப் பற்றரி பிளஸ்ஸிலும் வையுங்கள், லைற்றெல்லாம் போட்டபடியே. வழி சுத்தமாக இருந்தால் 0.2க்குக் கீழே வரும். எனக்கு 0.8. அதே மாதிரி ஒல்ரனேற்றர் உடம்புக்கும் பற்றரி மைனஸுக்கும் இடையில் வைத்தேன், 0.1. ஆக எர்த் நல்லது, பிழை பிளஸ் பக்கம். அப்புறம் மீற்றரின் ஒரு முனையைப் பற்றரி பிளஸ்ஸிலேயே விட்டுவிட்டு, மற்றதை அந்த பிளஸ் வழியில் ஒவ்வொரு மூட்டாக நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோனேன். பியூஸ் பெட்டியில் ஒல்ரனேற்றர் வயர் வந்து போல்ற்றில் இறுகும் இடம், அந்த ஒரு நட்டுக்கு மேலே வைத்தால் ஒன்றுமில்லை, வயரின் லக்குக்குக் (நுனியில் அமத்தியிருக்கிற வளையம்) கீழே வைத்தால் முக்கால் வோல்ற். பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிப் பார்த்தால் சுற்றிவர மண்ணிறமாகி, ஒரு பக்கம் உருகிச் சுருங்கிக் கிடக்கிறது. இதைக் கண்ணால் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன், பழைய வண்டி, நிறம் மாறியிருக்கிறது என்று நினைத்தேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டேன். லைற்றும் வைப்பரும் பற்றரிக்கு ஏறுவதும் சேர்த்து 30 அம்பியர் அளவில் அந்த நட்டு வழியாகப் போனால், 0.8ஆல் பெருக்க 24 வாட். ரேடியோ திருத்துகிறவர்கள் வைத்திருக்கிற சின்ன ஈயம் ஊதும் அயன் 25 வாட். அப்படி ஒன்று ஒவ்வொரு இரவும் என் பியூஸ் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. பகலில் எட்டுப் பத்து அம்பியர்தான் போகும், 0.2 வோல்ற்தான் விழும், கராஜில் ஒரு குறையும் தெரியாது. (சில வண்டிகளில் ஒல்ரனேற்றர் தனியொரு மெல்லிய வயரால் பற்றரியைப் பார்த்து, குறைந்தால் கூட்டிக் கொடுக்கும். எங்களுடையது முன்பொருமுறை மாற்றிப் போட்ட ஒல்ரனேற்றர், தன் வாசலில் 14.3 இருந்தால் அதற்குப் போதும், பற்றரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியாது.)

வயரைப் பின்னால் வெட்டிக்கொண்டே போனேன், செம்பு உள்ளே ஒரு விரல் நீளத்துக்குக் கறுத்திருந்தது. கடல் காற்று. பளபளப்பான செம்பு வந்த இடத்தில் புது லக் போட்டு அமத்தி, போல்ற்றைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து இறுக்கினேன். 0.8 இருந்த இடத்தில் 0.07. எல்லா லைற்றும் போட்டுப் பற்றரியில் 14.1. அன்றிரவு வீட்டில் நான் கொஞ்சம் கூடுதலாகவே கதைத்தேன் என்று மனைவி சொல்கிறாள்.

ஐந்தாம் நாள் வண்டி மறுபடி இழுத்து இழுத்துத்தான் ஸ்ராட் ஆனது.

வாடைக் காற்றில் கடல் கொந்தளிப்பு, மீன் இல்லை, வண்டி வீட்டு முற்றத்தில் மழையில் நான்கு நாள் சும்மா நின்றது. சும்மா நிற்கும்போது யாரோ குடிக்கிறார்கள். மைனஸ் வயரைக் கழற்றி, பற்றரி மைனஸுக்கும் அந்த வயருக்கும் நடுவில் மீற்றரை 10 அம்பியர் துளையில் போட்டு வைத்தேன், கதவுகளைச் சாத்தி, திறப்பை வெளியே எடுத்துவிட்டு. இப்படி வைத்திருக்கும்போது மறந்தும் செல்ஃப் அடிக்கக்கூடாது, மீற்றரின் பியூஸ் அந்த நிமிடமே போகும். நல்ல வண்டியில் 0.05 அம்பியருக்குக் கீழே வரவேண்டும். புது டபுள் கெப் வைத்திருப்பவர்கள் உடனே பார்த்துப் பதறாதீர்கள், அதிலுள்ள கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அரை மணித்தியாலம் போல எடுக்கும். எங்களுடையதில் தூங்க ஒன்றுமில்லை. 0.28 காட்டியது.

0.28 என்றால் பெரிதாகத் தெரியாது. நாளுக்கு ஏறக்குறைய 7 அம்பியர் மணி, நான்கு நாளுக்கு 27. பற்றரி 70 அம்பியர் மணி. முழுதாகச் சார்ஜ் ஏறியிருந்தால் தாங்கும். லைற் போட்ட ஓட்டத்தில் அரையும் குறையுமாக ஏறிய பற்றரி தாங்காது. எனக்கு இதுதான் இந்த முழுக் கதையிலும் முக்கியமாகப் பட்டது: இரண்டு பிழை, ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் வண்டி ஒருமாதிரி ஓடியிருக்கும், ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் எல்லாம் முடிந்தது என்று நான் மீற்றரைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

பியூஸ் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ரேடியோ, இல்லை. உள் லைற், இல்லை. ஹோர்ன், இல்லை. எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், பியூஸ் பெட்டி பல்லில்லாத வாய் மாதிரிக் கிடக்கிறது, மீற்றர் 0.28லேயே நிற்கிறது. ஒல்ரனேற்றர் டயோட் திரும்பிக் கசியலாம் என்று அதன் வயரையும் கழற்றினேன். 0.28. தலை சுற்றியது. பேயாடுகிறதோ என்று மாமியிடம் கேட்கலாம் போல இருந்தது.

மழை விட்ட நேரம் டோர்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது பற்றரி பிளஸ் முனையிலிருந்து நேரே ஒரு மெல்லிய சிவப்பு வயர், பியூஸ் பெட்டிக்குப் போகாமல், வண்டி உடம்பு ஓரமாகப் பின்னால் போவதைக் கண்டேன். எந்த மடையன் இப்படிப் போட்டது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் இருட்டில் பெட்டி ஏற்ற வசதியாக இருக்கட்டும் என்று பின் தட்டுக்கு மேலே ஒரு எல்ஈடி லைற் பூட்டினேன், சுவிட்ச் பின்னாலேயே, மூட்டை டேப் சுற்றி மூடினேன், பியூஸும் போடவில்லை, கடைக்குக் கொடுத்தால் காசு கேட்பார்கள், இது என்ன பெரிய வேலை என்று. மீன் பெட்டியிலிருந்து வடிகிற ஐஸ் தண்ணீர், உப்புத் தண்ணீர், சரியாக அந்தச் சுவிட்சுக்குக் கீழேதான் வடிகிறது. டேப்பைப் பிரித்தால் உள்ளே செம்பே இல்லை, பச்சைக் களி. எந்நேரமும் பிளஸ் ஏறியிருக்கிற செம்பு உப்பு ஈரத்தில் கிடந்தால் கரைந்துகொண்டே போகும், அந்தக் களி வழியாகத் தட்டு இரும்புக்கு மின்சாரம் ஒழுகும், லைற் எரியாது, ஒன்றும் தெரியாது. வெயில் காலத்தில் காய்ந்துவிடும், ஒழுகாது. மழை தொடங்கினால் நனைந்தபடியே. முதல் பற்றரியும் ஏன் மழைக்காலத்தில் படுத்தது என்பதற்கு இதற்கு மேல் காரணம் தேடவில்லை. வயரைப் பிடுங்கினேன், மீற்றர் 0.02.

இப்போது அந்த லைற்றைத் திரும்பப் போட்டிருக்கிறேன், இருட்டில் பெட்டி ஏற்ற அது வேண்டும்தான். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பியூஸ், கபினுக்குள் சுவிட்ச், மூட்டுகளுக்குச் சூடு காட்டினால் சுருங்கும் குழாய், வயர் தண்ணீர் வடியாத மேல் பக்கமாக. சுவிட்சை அணைத்தால் பின்னால் போகிற வயரில் மின்சாரமே இல்லை. இதற்கு மொத்தமாகப் போன செலவு ஒரு பற்றரியின் விலையில் பத்தில் ஒன்றுகூட இல்லை என்பதைச் சொல்ல எனக்கே வெட்கம்.

நானாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன், சிவப்பு வயர் யார் போட்டது என்பதை மட்டும் விட்டுவிட்டு. அவர் சிரித்துவிட்டு, "அத நீங்கதானே போட்டீங்க?" என்றார்.

இதை எழுதுகிற இன்றைக்கும் கடல் அடங்கவில்லை, வண்டி நான்கு நாளாக முற்றத்தில் நனைந்துகொண்டு நிற்கிறது. சற்று முன்னால் குடை பிடித்துக்கொண்டு போய் அளந்துவிட்டு வந்தேன். 12.58.